தேயாத பாட்டு

பாலமுனை
2024.02.11

அன்புள்ள பஹ்மிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். முழங்கால் வலி. கூடப்பிறந்த ராத்தா வீட்டில் பிள்ளைகளின் சத்தத்தில் ஒழுங்கான தூக்கமும் இல்லை. நீ போனை எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அலுமாரியில் என்னுடைய பலூன்காரன் இசைத்தட்டு இருக்கிறது. அறுபத்தெட்டில் வந்தது. அந்த இங்கிலாந்துப் பொடியன்கள் அதோடு பிரிந்துபோனார்கள், உலகம் திரும்பியும் பார்க்கவில்லை. பலூனில் ஏறிய ஒருவன் இறங்க மனமில்லாமல் மேலேயே இருந்துவிடுகிற கதை, பன்னிரண்டு பாட்டில். அதை மட்டும் ஓட்டோக்காரர் ஷரிபுதீனிடம் கொடுத்தனுப்பு. இங்கே ஒரு பழைய பிளேயர் கிடைத்திருக்கிறது.

வீட்டை என்னைக் கேட்காமல் நீ மகள் அப்னாவுக்கு எழுதிக் கொடுத்ததைப் பற்றி இனிக் கதைக்கமாட்டேன். அதற்காகக் கோபித்துக்கொண்டு வந்து ஏழு மாதமாகிவிட்டது, போதும்.

காலிதீன்

கல்முனைக்குடி
2024.02.19

அன்புள்ள அப்னாட வாப்பாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். தட்டைக் கட்டி அனுப்பத்தான் எடுத்தேன். கலியாணம் முடித்த இருபத்தாறு வருசமாக அப்படி என்னதான் கேட்டீர்கள் என்று பார்க்கப் போட்டேன். தட்டின் மட்டை உறைக்குப் பின்னால் பாட்டு வரியெல்லாம் அச்சடித்திருக்கிறதே, விரல் வைத்து வாசித்துக்கொண்டே முழுதும் கேட்டேன்.

நீங்கள் சொன்னது சரிதான், நல்ல சாமான். முதல் பக்க முடிவில் ஓர்கன் வாத்தியச் சத்தம் தலைகீழாக ஓடுகிற இடத்தில் எனக்கே தலை சுற்றியது. ஊர் சின்னதாகிக் கீழே போவது தெரிந்தது. ஆனால் தட்டு முழுக்கக் கரகரப்பு. ஒன்பதாவது பாட்டு மட்டும் நேற்று வாங்கினதுபோல் இருக்கிறது. அது அந்தப் பலூன்காரனின் பெண்சாதி பாடுவது, இரண்டு நிமிசமும் வராது. அந்த இடம் வந்தால் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைப்பீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வீட்டு விசயத்தை உங்களிடம் மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறு புள்ள, இந்த இடத்தக் கேளு" என்றீர்கள்.

பஹ்மிதா

பாலமுனை
2024.02.25

அன்புள்ள பஹ்மிதாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். ஓம், தூக்கித்தான் வைத்தேன். வெறும் கிற்றாரும் ஒரு குரலும், மற்றப் பாட்டுகளின் வித்தை ஒன்றும் அதில் இல்லை என்று நினைத்தேன். உனக்கு இவ்வளவு காது இருக்கும் என்றும் நினைக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண் கீழே நின்று அவனை இறங்கி வரச்சொல்லித்தானே கூப்பிடுகிறாள்? நீயும் ஒருதரம் கூப்பிடு. அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன்.

காலிதீன்

கல்முனைக்குடி
2024.03.04

அன்புள்ள அப்னாட வாப்பாவுக்கு,

தட்டை ஷரிபுதீனிடம் கொடுத்துவிட்டேன். முழங்காலுக்கு எண்ணெயும் வைத்திருக்கிறேன், சுடவைத்துப் பூசுங்கள். நோன்பு வருகிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் அந்தப் பாட்டைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறீர்கள். அவள் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டதெல்லாம் முந்தியாம். கழுத்து வலிக்கிறது, இனி அண்ணாந்து பார்க்கமாட்டேன் என்றுதான் பாடுகிறாள்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. களைத்துவிட்டேன். நீங்கள் அங்கேயே இருங்கள்.

பஹ்மிதா