ஒவீட் கிண்டிய கடைசிக் கம்போ

மொபீல், அலபாமா
செப்டம்பர் 9

கெர்வினுக்கு,

எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். எட்டாம் வகுப்போடு நின்று இறால் உரிக்கப் போனவள் நான். ஃபோனில் பேசினால் கத்துவேன், கத்தினால் அழுவேன், அப்புறம் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சமாதானம் சொல்லி வைத்துவிடுவாய். எனக்குச் சமாதானம் வேண்டாம். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். பேப்பர் "சரிம்மா" சொல்லாது.

நேற்று பக்கத்து வீட்டு ஓடெட் கூப்பிட்டாள். டவர் வேலை செய்ய ஆரம்பித்ததும் முதல் ஃபோன் எனக்குத்தானாம். புயலில் யார் வீட்டுக் கூரை போனது, யார் மரம் யார் கார்மேல் விழுந்தது என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொல்கிறாள்: "வெர்னாக்கா, உங்க வீட்டுக்காரர் ஒவீட்டோட கம்போவ நாங்க எல்லாரும் சாப்பிட்டோம். கெர்வின்தான் ஊத்துனான். செத்தும் சோறு போடுறாருக்கா மனுஷன்!"

சிரித்துக்கொண்டே சொல்கிறாள். "எந்தக் கம்போ?" என்றேன். "ஃப்ரீசர்ல அடியில, கருப்புப் பையில சுத்தி வச்சிருந்தீங்களாமே, அந்த ஐஸ்கிரீம் வாளி" என்றாள்.

டேய், யாரைக் கேட்டு அந்த வாளியைத் திறந்தாய்?

அது உன் அப்பா புத்தாண்டுக்குக் கிண்டியது. பிப்ரவரியில் அவர் போய்விட்டார். அவர் சட்டை இருக்கிறது, தூண்டில் இருக்கிறது. அதெல்லாம் கடையில் வாங்கியது. கம்போ அவர் செய்தது. அடுப்புக்கு முன்னால் வியர்க்க வியர்க்க நின்று, மாவை எண்ணெயில் கிண்டிக் கிண்டி, கோழியும் சாசேஜும் போட்டுச் செய்தது. அவர் செய்ததில் மிச்சம் இருந்தது அந்த ஒரு வாளிதான். அதை இறால் பைகளுக்கு அடியில் கருப்புப் பையில் சுற்றி வைத்தேன் என்றால், யாரும் தொடக் கூடாது என்றுதானே? அதுகூடத் தெரியாத முட்டாளா நீ?

புயலுக்கு முன்னால் என்னைக் கூட்டிப்போக ஈனெஸ் சித்தி காரோடு வந்தபோது நான் கராஜில் போய் நின்றேன். "என்னம்மா தேடுற?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல" என்றேன். காரில் ஐஸ் பெட்டி இருந்தது. எடுத்துக்கொண்டு போயிருப்பேன். செத்தவரின் குழம்பை மடியில் கட்டிக்கொண்டு ஓடுகிறாள் பார் என்று நினைப்பாயே என்று கூச்சமாக இருந்தது. இரண்டு நாளில் வந்துவிடப் போகிறோம், கரண்ட் போனாலும் அடியில் இருப்பது தாங்கும் என்று போனேன்.

நீ தெருவுக்கே ஊற்றியிருக்கிறாய். ஓடெட் புருஷன் லூசியன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாராம். உன் அப்பாவோடு வேலித் தகராறில் ஒரு வருஷம் பேசாத ஆள்.

பதில் எழுது. ஃபோன் பண்ணாதே.

உன் அம்மா,
வெர்னா

*

பெல் ஷேன், லூசியானா
செப்டம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

தபால் ஆபீஸ் கூரை பறந்துவிட்டது. வாசலில் ஒரு லாரியை நிறுத்திக் கடிதம் கொடுக்கிறார்கள். வரிசையில் நின்று வாங்கி, வெயிலிலேயே நின்று படித்தேன். பின்னால் நின்ற பெரியவர் "கெட்ட சேதியா தம்பி?" என்று கேட்டார். "எங்கம்மா திட்டுறாங்க" என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.

புயலுக்கு அப்புறம் இங்கே என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியாதா அம்மா? கரண்ட் வருகிற வழியைக் காணோம். ஃப்ரீசருக்கு அடியில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு புயலுக்கும் அப்பா என்ன செய்தாரோ அதைத்தான் நானும் செய்தேன். கேஸ் பர்னரை வாசலுக்கு இழுத்து, பெரிய அண்டாவை ஏற்றி, இறால், மான்கறி, போன வருஷத்து வாத்து என்று இருந்ததையெல்லாம் ஆக்கித் தெருவைக் கூப்பிட்டேன். "அழுகுறதுக்கு முன்னாடி ஆளுக்குப் போடு" என்று சொன்னதே அவர்தான். வேலித் தகராறு நடந்த வருஷமும் ஒரு புயல் வந்தது. லூசியன் பேசாமல் தட்டை நீட்டினார், அப்பா பேசாமல் ஊற்றினார். நான் பக்கத்தில் நின்றேன்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு அடியில் அந்தப் பை இருந்தது. பிரித்ததும் என்னவென்று தெரிந்துவிட்டது. ஓரமெல்லாம் இளகி, நடுவில் மட்டும் பனிக்கட்டி. நான் என்ன செய்திருக்க வேண்டும்? குப்பையில் கொட்டியிருக்க வேண்டுமா? நாறும்வரை வைத்திருக்க வேண்டுமா? தனிப் பாத்திரத்தில் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆளுக்கு ஒரு கரண்டி, சோற்றில் ஊற்றினேன்.

முதல் வாய் நான்தான் வைத்தேன். வைத்துவிட்டு "உப்பு இல்ல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ஓடெட் சிரித்துக்கொண்டே அழுதார். அவர் இதை உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வேறு யாராவது சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கம்போ கிண்டிய நாளில் அந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்தது நீ மட்டும் இல்லை அம்மா. எனக்கும் அவர் அப்பா.

கூரையில் நீலத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். சமையலறை ஒழுகவில்லை. சித்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கெர்வின்

*

மொபீல்
செப்டம்பர் 19

கெர்வின்,

"உப்பு இல்ல" என்று நீ சொன்னாயா? நீயா?

அது யாருடைய வார்த்தை என்று தெரியாமல்தான் சொன்னாயா? தெரிந்தே சொன்னாயா? மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

அக்டோபரில் முதல் குளிர் காற்று வருகிற அன்றைக்கு உன் அப்பா சமையலறை ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டுவார். "வந்துருச்சு" என்பார். அவ்வளவுதான், அன்றைக்கு எல்லாரும் அவருக்கு வேலைக்காரர்கள். நீ நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்குவாய். எனக்குச் சோறும் உருளைக்கிழங்கு சாலடும் செய்கிற வேலை. மாவு முன்னால் அவர் நின்றுவிட்டால் வீடு பற்றி எரிந்தாலும் கூப்பிடக் கூடாது. கை நின்றால் மாவு கருகும், கருகினால் அத்தனையும் குப்பைக்கு. அது தெரிந்தே நீ கூப்பிடுவாய். "அப்பா, வாசல்ல போலீஸ்!" "அப்பா, உங்க படகு தானா போகுது!" அவர் திரும்பாமலே சொல்வார்: "போகட்டும்டா. மாவு செவக்கட்டும், அப்புறம் உன்னைச் செவக்க வைக்கிறேன்."

சாலடைத் தூக்கிக் கம்போவுக்குள் போடுவாய். "தனியா வச்சுத் தின்னுடா, அதுக்கு என்ன நீச்சலா கத்துக் குடுக்கிற?" என்று கத்துவார். அப்புறம் நீ பார்க்காதபோது அவரும் போட்டுக்கொள்வார்.

முதல் கரண்டி எனக்கு. நான் வாயில் வைத்துக் கண்ணை மூடுவேன். எல்லாரும் சத்தமில்லாமல் நிற்பீர்கள். நன்றாக யோசிக்கிற மாதிரி யோசித்துவிட்டு, "உப்பு இல்ல" என்பேன். துண்டை என்மேல் எறிந்துவிட்டு, "இந்த வீட்ல எனக்கு மரியாதை இல்ல!" என்று கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொள்வார். கோபித்துக்கொண்ட மாப்பிள்ளையை அழைப்பது மாதிரி நீ போய் அழைத்து வருவாய். உப்பு என்றைக்கும் சரியாகத்தான் இருந்தது. அவருக்கும் தெரியும். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் நான் அவரிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருந்ததில்லை.

அதை நீ தெருவில் நின்றுகொண்டு, பிளாஸ்டிக் கரண்டியோடு, லூசியன் முன்னால் சொல்லியிருக்கிறாய். துண்டை எறிய ஆள் இல்லாத இடத்தில் சொல்லியிருக்கிறாய். அவர் இருந்தால்தானடா அது விளையாட்டு. அவர் இல்லாவிட்டால் அது செத்தவர் சமையலுக்குச் சொன்ன குறை.

நாறும்வரை வைத்திருக்க வேண்டுமா என்று கேட்கிறாய். ஆமாம். நாறட்டும். வந்து நானே எடுத்துக் குழி தோண்டிப் புதைத்திருப்பேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் முடிவு செய்தார். பெட்டி எது என்று உன் பெரியப்பா முடிவு செய்தார். என்ன பாட்டு என்று பாதிரியார் முடிவு செய்தார். நான் கருப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன். எதை வைத்துக்கொள்வது, எதைப் புதைப்பது என்று நான் முடிவு செய்ய அந்த ஒரு வாளிதான் மிச்சம் இருந்தது. அதையும் நீ முடிவு செய்துவிட்டாய்.

உன் அப்பா மேலும் எனக்குக் கோபம்தான். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லாமல் வாயு என்று சோடா குடித்த மனுஷன். அப்பனும் மகனும் ஒன்று. கேட்க வேண்டியவளைக் கேட்க மாட்டீர்கள்.

நான் திரும்பி வரவில்லை. ஈனெஸ் இங்கே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். வீட்டை விற்றுவிடு. தார்ப்பாயோடு விற்றுவிடு. சமையலறை ஒழுகினால் என்ன, ஒழுகாவிட்டால் எனக்கென்ன.

வெர்னா

*

பெல் ஷேன்
செப்டம்பர் 26

அம்மா,

இந்தத் தடவை நீ "உன் அம்மா" என்று கையெழுத்துப் போடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபமாக ஒரு பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். கிழித்த பிறகுதான் இதை எழுத முடிகிறது.

போன கடிதத்தில் ஒரு பொய் சொன்னேன். பையைப் பிரித்ததும் தெரிந்தது என்று எழுதினேன். முன்னாலேயே தெரியும். வசந்த காலத்தில் ஒருநாள் துளைபோடும் மெஷினைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். கராஜ் கதவு திறந்திருந்தது. நீ ஃப்ரீசர் மூடியைத் தூக்கி, உள்ளே குனிந்து, கையை அடியில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. லூசியன் வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. புயல் விட்ட மறுநாள் காலையிலேயே ஓடெட் வீடு வீடாக வந்தார். "கெட்டுப்போகக் கூடாத சாமான் ஒண்ணு இருந்தாக் குடுங்க, எங்க ஃப்ரீசர்ல இடம் இருக்கு" என்றார். தெருவில் சிலர் ஊசி மருந்து கொடுத்தார்கள். பிள்ளைக்குப் பீய்ச்சி வைத்த பால் கொடுத்தார்கள். என்னிடமும் கேட்டார்: "உங்கம்மாது ஏதாச்சும் இருக்காடா?"

இல்லை என்றேன்.

கெட்டுப்போகும் என்று நான் அதை ஆக்கவில்லை அம்மா. எனக்கு வேண்டும் என்று ஆக்கினேன். பசி. வயிற்றுப் பசி இல்லை, ராணுவம் கொடுத்த பொட்டலங்கள் அடுக்கி வைத்திருந்தேன். நான் கேட்டிருந்தால் நீ தந்திருக்க மாட்டாய். தெருவை ஏன் கூப்பிட்டேன் என்றால், தனியாகத் தின்றால் அது திருட்டு. ஊரோடு தின்றால் வழக்கம். அப்படி நினைத்துக்கொண்டேன். உப்பு என்று சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள் இல்லையா, அப்போதே தெரிந்துவிட்டது, இது வழக்கம் இல்லை என்று.

வீட்டை விற்கச் சொன்னால் விற்கிறேன். இதைச் சொல்லாமல் விற்கக் கூடாது என்று எழுதினேன்.

கெர்வின்

*

மொபீல்
அக்டோபர் 2

கெர்வினுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஈனெஸ் வீட்டுப் பீங்கான் கோப்பையைச் சுவரில் எறிந்தேன். "ஐயோ அது என் கல்யாணப் பரிசுடி" என்றாள். "எந்தக் கல்யாணம்?" என்றேன். "ரெண்டாவது" என்றாள். "அவனுக்கு இது போதும்" என்றேன். அவளே விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள்.

திருட்டுப் பயலே. ஓடெட் வாசலில் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், நீ இல்லை என்றிருக்கிறாய். ஒரே ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் இன்றைக்கும் உறைந்து கிடந்திருக்கும். முதலில் எழுதியதைவிட இது மோசம். இதற்கு மன்னிப்பு கேட்காதே, என்னிடம் இல்லை. ஒருநாள் வருமோ என்னவோ, அதுவும் தெரியாது.

ஆனால் அந்த முதல் கடிதம் எனக்குச் சட்டம் பேசியது. இதில் பசி என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குப் புரிகிற வார்த்தை. நான் கையை வைத்தேன், நீ வாயை வைத்தாய். எனக்குக் குளிர்தான் கிடைத்தது.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். அந்தக் கம்போவை நான் ருசி பார்த்ததே இல்லை. புத்தாண்டன்று எனக்குச் சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது. முதல் கரண்டி வெந்நீர் மாதிரி இருந்தது. ஒன்றும் தெரியாமலே வழக்கம்போலச் சொன்னேன், அவரும் வழக்கம்போலத் துண்டை எறிந்தார். நீங்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சளி விட்டதும் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வாளி எடுத்து வைத்தேன். விட்ட பிறகும் நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். அப்புறம் அவர் போய்விட்டார். சாப்பிட்டால் தீர்ந்துவிடுமே.

அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அதை எனக்குத் தர வேண்டும். எழுதி அனுப்பாதே. உனக்கும் எழுத வராது, எனக்கும் படிக்கப் பொறுமை இல்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். வீட்டை விற்பதும் விற்காததும் அப்புறம். பஸ் நிற்கிற இடத்துக்கு நீ மட்டும் வா. கட்டிப்பிடிக்காதே. பையை வாங்கி வண்டியில் வை. கதவைச் சாத்தியதும் ஆரம்பி. மாவு எவ்வளவு கருத்திருந்தது, மிளகாய் தொண்டையில் எந்த இடத்தில் பிடித்தது, சாசேஜ் கரைந்திருந்ததா, முழுசாக இருந்ததா, விழுங்கிய பிறகு வாயில் என்ன நின்றது, ஒன்று விடாமல் சொல். நான் திட்டுவேன். நிச்சயம் திட்டுவேன், அடித்தாலும் அடிப்பேன். நீ பாட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே வா.

உன் அம்மா