கழுதைப் பாதையில் சங்கிலி

28 ஆகஸ்ட், வியாழன்

நான் வழிகாட்டும் சைக்கிள் சுற்றுலாவில் இன்று ஏழு விருந்தாளிகள். எல்லாரும் ஹாலந்துக்காரர்கள். காலை முழுக்கப் பழைய ரயில் தடத்தில் ஓட்டினோம். தண்டவாளத்தைப் பிடுங்கித் தார் போட்ட தடம் அது. கார் வராது, லாரி வராது, நாய்கூடக் கயிற்றோடுதான் வரும். மதியம் எங்கள் ஊர் சேந்த் ஒப்ரேனில் இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கழுதைப் பாதை வழியாகப் பக்கத்து ஊர் பிஸ்ஸே வரை. மேட்டில் சைக்கிளை நிறுத்திய ஒரு பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு, என்ன ஒரு அமைதி என்றாள்.

அமைதியா? இரண்டு வரிசை தள்ளி இருபது பேர் குனிந்து பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேச மூச்சில்லை, அவ்வளவுதான்.

30 ஆகஸ்ட், சனி

கழுதைப் பாதையின் இரண்டு முனையிலும் இரும்புக் கம்பம் நட்டுச் சங்கிலி மாட்டியிருக்கிறார் வோக்லேர். பூட்டு வேறு. 'தனியார் இடம்' என்று பளபளப்பாக ஒரு பலகை.

வோக்லேர் பாரிஸில் ஏதோ விற்றுச் சம்பாதித்து, இங்கே வந்து பெரிய தோட்டத்தை வாங்கியவர். பாதையின் இரண்டு பக்கமும் அவருடைய கொடிகள்தான். அதனால் நடுவில் இருக்கும் மண்ணும் அவருடையதாம். திராட்சை திருட்டுப் போகிறதாம். யார் திருடுகிறார்கள்? வேலைக்குப் போகிறவர்களா?

அம்மா தினமும் அந்த வழியாகத்தான் பிஸ்ஸேக்கு சைக்கிளில் போகிறாள். அங்கே மூன்று வீடுகளில் வயசானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பிட வைக்கும் வேலை. எங்களிடம் கார் இல்லை. பாதை இல்லையென்றால் பெரிய சாலைதான். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் காற்று சைக்கிளை ஓரத்துப் பள்ளத்துக்குத் தள்ளும் சாலை. ஓரக்கோடு தாண்டினால் ஒரு சாண் இடம்கூடக் கிடையாது.

"சங்கிலிக்குக் கீழ குனிஞ்சு போயிட்டேன்" என்றாள் அம்மா, ரொட்டி வெட்டிக்கொண்டே. சைக்கிளையும் படுக்க வைத்து இழுத்தாளாம். அவள் வயது ஐம்பத்தெட்டு.

1 செப்டம்பர், திங்கள்

ஊர்மன்றத்துச் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. கழுதைப் பாதையை வோக்லேருக்கு விற்க யோசனை. காரணம்: பொதுமக்கள் இப்போது பயன்படுத்துவதில்லை. சட்டம் அப்படித்தான். ஊருக்குச் சொந்தமான பாதையை, மக்கள் நடப்பது நின்றுபோனால் மட்டும் விற்கலாம். நடக்கிறவரை விற்க முடியாது.

முதலில் சங்கிலி போடு. பிறகு, பார், யாருமே நடப்பதில்லை என்று சொல். வெட்கமே கிடையாதா?

வெளியூரிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வந்து உட்காருவார், ஊர்க்காரர்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்று கீழே போட்டிருக்கிறது. அறுவடைக் காலத்தில், எல்லாரும் தோட்டத்தில் கிடக்கும் நேரத்தில். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

2 செப்டம்பர், செவ்வாய்

எங்கள் சைக்கிள் சுற்றுலாவுக்கு முதலாளி ஃபப்ரீஸ். காலையில் சிரித்துக்கொண்டே வந்து என் கையில் ஒரு சாவி கொடுத்தான். வோக்லேரோடு ஏற்பாடாம். நம் விருந்தாளிகள் மட்டும் பாதையில் போகலாம். போய் வோக்லேர் வீட்டில் ஒயின் ருசிக்க வேண்டும். எல்லாரும் கடந்ததும் நான் திரும்பப் பூட்ட வேண்டும்.

ஊர்க்காரர்கள்? என்று கேட்டேன்.

"லுதிவீன், நாம விக்கிறது அமைதி. அங்க ஆளு கம்மியானா நமக்கு நல்லதுதானே?"

இவன் அப்பா பழைய ரயில் தடத்தை ஊருக்கான பாதையாக்கியபோது தார் அள்ளிக் கொட்டியவர். அதைச் சொன்னேன். என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான்.

5 செப்டம்பர், வெள்ளி

பூட்டு என் பையில் இருக்கிறது. சாவியும்.

இன்று விருந்தாளிகளோடு பிஸ்ஸே பக்கமிருந்து வந்தேன். பூட்டைத் திறந்தேன். ஒவ்வொருவராகக் கடந்தார்கள். பின்னாலேயே அம்மா வந்து நின்றாள். இரண்டாவது வீட்டு வேலை முடிந்து சாப்பிடத் திரும்புகிறாள். கைப்பிடியில் பை, முழங்காலில் மண். காலையிலும் தவழ்ந்துதான் போயிருக்கிறாள்.

விருந்தாளிகளில் ஒரு ஆள், நல்லவன்தான், மரியாதையாகத்தான் கேட்டான்: "இவங்களும் நம்ம கூட வர்றாங்களா?"

"இல்ல. நாமதான் இவங்க பாதையில வர்றோம்" என்றேன்.

அம்மா கடந்தாள். என்னைத் தெரியாதவள் போல ஒரு வணக்கம் சொன்னாள் – என் வேலை போய்விடக் கூடாதாம்! அந்த வணக்கம்தான் என்னைக் கொன்றது. பூட்டைக் கழற்றிப் பையில் போட்டேன். சங்கிலியை இழுத்துக் கொடிகளுக்கு அடியில் எறிந்தேன். விருந்தாளிகள் ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும். பிறகு வோக்லேர் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒயின் ருசிக்கவும் வைத்தேன். ஒப்புக்கொண்ட வேலை.

6 செப்டம்பர், சனி

வேலை போய்விட்டது.

ஃபப்ரீஸ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "நீ நல்லா வேல செய்யிறவ, ஆனா உன்னால என் தொழில் படுத்துடும்" என்றான். சாவியைக் கேட்டான். கொடுத்தேன். பூட்டைக் கேட்டான். எந்தப் பூட்டு என்றேன்.

மாலையில் புதுப் பூட்டு தொங்குகிறது.

9 செப்டம்பர், செவ்வாய்

பாஸ்கால் தோட்டத்தில் பழம் வெட்டப் போகிறேன். அவன் சின்ன விவசாயி. ஒரு டிராக்டர், ஒரு மனைவி, இரண்டும் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். முதல் நாளே இடுப்பு செத்துவிட்டது. வரிசை முடிவில் நிமிர்ந்தபோது, "என்னம்மா, அமைதியா இருக்கா?" என்றான். கூடையால் அடித்திருப்பேன், கூடையைத் தூக்க முடியவில்லை.

12 செப்டம்பர், வெள்ளி

அம்மா இன்று பெரிய சாலையில் போயிருக்கிறாள். முழங்கால் வீங்கிவிட்டது, குனிய முடியவில்லையாம். ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவள் தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. சட்டை கிழிந்திருக்கிறது. தோலில் நீளமாகச் சிவப்பு.

"விழல" என்கிறாள். "விழலன்னா ஒண்ணும் நடக்கலன்னு அர்த்தம்."

எனக்குத் தூக்கம் வராது.

15 செப்டம்பர், திங்கள்

பாஸ்கால் மதியம் சாப்பாட்டில் ஒரு செய்தி சொன்னான். வோக்லேர் அவனுடைய பழைய மரவண்டியை இரவல் கேட்டிருக்கிறாராம். எதற்கு? அறுவடை முடிகிற நாளுக்கு.

இங்கே எல்லாத் தோட்டத்திலும் வழக்கம் அது. கடைசிச் சுமை ஏற்றிய வண்டியில் மரக்கிளையும் பூவும் கட்டி, வெட்டினவர்கள் மேலே ஏறிக் கத்திக்கொண்டு, ஹாரன் அடித்து ஊரைச் சுற்றுவார்கள். பிறகு முதலாளி செலவில் சாப்பாடு. வோக்லேர் இந்த வருஷம் அதைப் பெரிதாகச் செய்யப் போகிறாராம். சனிக்கிழமை. ஊருக்கே அழைப்பு, பத்திரிகை நிருபருக்கும் அழைப்பு. பெரிய சாலையில் போனால் படத்தில் லாரி விழும். அதனால் வண்டி கழுதைப் பாதை வழியாகப் போகும்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். சங்கிலி? என்றேன்.

"அவரே அவுக்கப் போறாரு" என்றான் பாஸ்கால், வாயில் சீஸோடு. அப்புறம் மெல்வதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான். அவனுக்கும் உறைத்துவிட்டது.

இங்கே பிறந்து வளர்ந்த எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். ஊர்க்காரனைவிடப் பெரிய ஊர்க்காரனாகக் காட்டிக்கொள்ளத் துடிக்கிறவன்தான் செய்வான்.

17 செப்டம்பர், புதன்

விசாரணை அதிகாரி மேடம் ரூஸ்லேன். ஒல்லியான பெண்மணி, ரப்பர் பூட்ஸோடு ஊர்மன்ற அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இதுவரை யாரும் வரவில்லை. நான் வேலை உடுப்பிலேயே போய், சங்கிலி, அம்மா, லாரி, எல்லாவற்றையும் கொட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது. மேஜையைத் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அவர் பதறவில்லை. பாதையில் மக்கள் நடமாட்டம் இருக்கிறதா என்பதுதான் தனக்குக் கேள்வி, எப்படியும் ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்கத்தான் வேண்டும் என்றார்.

"சனிக்கிழமை வாங்க மேடம்" என்றேன். "பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்க."

19 செப்டம்பர், வெள்ளி

மூன்று நாளாக வீடு வீடாகப் போகிறேன். சாயங்காலம் வெட்டு முடிந்ததும். சொல்வது ஒன்றுதான்: நாளைக்கு வா, பாதையில் நட, சைக்கிள் இருந்தால் கொண்டு வா. சில பேர் கதவைப் பாதிதான் திறந்தார்கள். வோக்லேரிடம் வருஷத்துக்கு நாலு மாதம் வேலை செய்கிறவர்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? வண்டிக்குப் பின்னால் வரச்சொல்லி அவரேதான் கூப்பிட்டிருக்கிறார், அழைப்புக்குப் போவது குற்றமா என்று கேட்டேன். ஒருத்தி யோசித்துவிட்டுச் சிரித்தாள்.

அம்மா வரமாட்டேன் என்கிறாள். தோள் இன்னும் வலிக்கிறதாம். பொய். ஊர் பார்க்க நிற்பது அவளுக்குப் பிடிக்காது.

20 செப்டம்பர், சனி

எல்லாம் எழுதிவிட வேண்டும், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

வோக்லேர் வைக்கோல் தொப்பியும் நீல மேற்சட்டையும் போட்டு வந்தார். சட்டையில் மடிப்பு இன்னும் அப்படியே இருந்தது. தன் கையால் சங்கிலியை அவிழ்த்தார். நிருபர் அதையும் படம் எடுத்தார். பாஸ்கால் டிராக்டர், பின்னால் பூ கட்டிய வண்டி, அதன்மேல் வெட்டுக்காரர்கள். காது கிழிய ஹாரன். பின்னால் ஊர்.

ஊர் என்றால் ஊர்! பாதிதான் வரும் என்று நினைத்தேன். தள்ளுவண்டியில் குழந்தைகள், ஊன்றுகோல்கள், தபால்காரி தன் மஞ்சள் சைக்கிளோடு. எதிர்ப்பக்கமிருந்து ஃபப்ரீஸின் விருந்தாளிகள் எட்டுப் பேர் வந்து, வழியில்லாமல் கொடிகளுக்கு இடையே ஒதுங்கி நின்றார்கள். ஃபப்ரீஸ் என்னைப் பார்த்தான். நான் கை அசைத்தேன். சத்தமாகத்தான் அசைத்தேன், அப்படி ஒன்று உண்டென்றால்.

மேட்டில் வண்டி நின்றது. வோக்லேர் அதன்மேல் ஏறிப் பேசினார். மண், மரபு, முன்னோர்கள். யாருடைய முன்னோர்கள்? பிறகு கையை விரித்துச் சொன்னார்:

"முன்னூறு வருஷமா இந்த ஊர் ஜனங்க இந்தப் பாதையிலதான் நடந்து வர்றாங்க. இன்னைக்கும் நடக்கிறாங்க. பாருங்க."

ஒருவரும் கைதட்டவில்லை. அப்படி ஒரு அமைதியை ஃபப்ரீஸ் விற்றதே இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் மேடம் ரூஸ்லேன் பூட்ஸோடு நின்றிருந்தார். மெதுவாக முன்னே வந்து, தான் யார் என்று சொல்லிவிட்டு, "முசியே வோக்லேர், இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்ல முடியுமா?" என்றார்.

வோக்லேரின் கை விரித்தபடியே நின்றது. தபால்காரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை, பாஸ்கால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அம்மா, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு.

21 செப்டம்பர், ஞாயிறு

வோக்லேர் சங்கிலியைத் திரும்ப மாட்டிவிட்டார். மாட்டட்டும். காலையில் யாரோ அறுத்தும் விட்டார்கள். நான் இல்லை. நானாக இருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

14 அக்டோபர், செவ்வாய்

ஊர்மன்றம் கூடியது. பாதை பயன்பாட்டில்தான் இருக்கிறது, விற்க முடியாது என்று மேடம் ரூஸ்லேன் சொல்லியிருந்தார். கம்பங்களை எடுக்கச் சொல்லி உத்தரவு. தலைவர் யார் முகத்தையும் பார்க்காமல் கை தூக்கினார்.

வெற்றி என்று பாஸ்கால் பாட்டில் திறந்தான். குடித்தேன். ஆனால் எதை வென்றோம்? எங்களுடையதாக இருந்தது எங்களுடையதாகவே இருக்கிறது. அதற்கு எனக்கு ஒரு வேலை போயிற்று, அம்மாவுக்கு ஒரு தோள். பெரிய சாலையில் ஓரம் இன்னும் ஒரு சாண் இல்லை. அடுத்து அதைக் கேட்க வேண்டும். கேட்பேன்.

24 அக்டோபர், வெள்ளி

பாஸ்காலுக்காகச் செத்த கொடிகளைப் பிடுங்கும் வேலை. குளிர். இலையெல்லாம் மஞ்சள். பத்து மணி வாக்கில் மேட்டிலிருந்து ஃபப்ரீஸ் தன் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான், என் இடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை போல. பாதையை அடைத்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கீழேயிருந்து அம்மா வந்தாள். வேகத்தைக் குறைக்கவில்லை. மணியை அடித்தாள், ஒரே தடவை, நீளமாக.

ஃபப்ரீஸ் விருந்தாளிகளைப் பார்த்து ஏதோ சொன்னான். எல்லாரும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு புல்லில் ஏறி நின்றார்கள். அவனும்.

அம்மா நடுப்பாதையில் போனாள். பிஸ்ஸேயில் ஒரு கிழவர் குளிக்கக் காத்துக்கொண்டிருந்தார்.