கடைசி எட்டு கிலோமீட்டர்

என்னங்க, அசந்து தூங்குறீங்க, எழுப்பல. டியூட்டிக்குக் கிளம்பிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு.

பார்த்துட்டுச் சொல்லுங்கன்னு கடைக்காரர் கொடுத்த ரெண்டு சைக்கிள் மீட்டர்ல, மேப் இருக்கிறதை வச்சுக்கலாம். மத்ததைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

“முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்குப் பயிற்சி என்ன வேண்டிக்கிடக்கு”ன்னு நேத்து கத்தினவளேதான் சொல்றேன். நேத்து நீங்க போன நாப்பது கிலோமீட்டரும் மேப் மீட்டர்ல பதிவாகியிருக்கு, காலையில திறந்து பார்த்தேன். கடைசி எட்டு கிலோமீட்டர் மட்டும் மணிக்கு அறுபது வேகம்! மீட்டரை நிறுத்த மறந்துட்டு லாரியில ஏறி வந்திருக்கீங்க.

அப்பாடான்னு இருந்துச்சு. வலிச்சா இறங்கிடுறீங்கன்னு அந்த மீட்டராவது சொல்லுதே. நீங்களா சொல்லப்போறீங்க?

பி.கு.: முழங்காலுக்கு ஐஸ் பை ஃப்ரீசர்ல இருக்கு. உங்க தம்பி வந்து கேட்டா, நாப்பது கிலோமீட்டரும் மிதிச்சதாவே சொல்லிக்குங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன்.