அம்மாவுக்கு ஒரு சீன எழுத்து

குஞ்சு,

உன்ரை தடிச்ச சீன அகராதிகள் இன்னும் சாப்பாட்டு மேசையில்தான் கிடக்கின்றன. உன்னோடு படித்த சீனப் பிள்ளை போன கிழமை வீட்டுக்கு வந்தாள். பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டாள். நான் அவற்றை என் பக்கம் இழுத்து அடுக்கி வைத்தேன்.

வருத்தம் வந்து படுக்கிறதுக்கு முந்தி நீ ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். தாய் என்று பொருளாம். நான் வெங்காயம் உரிக்க, நீ பக்கத்தில் இருந்து வாசித்தாய்.

"அம்மா, இப்ப இதை 'மா' எண்டு சொல்லினம். பழைய அகராதியிலை 'மூ' மாதிரி ஒரு சத்தம்."

"அது என்னண்டு தெரியும்? அந்தக் காலத்து ஆக்கள் ஆரும் உயிரோடை இருக்கினமே?"

"சத்தத்தைக் காட்ட வேறை ரெண்டு எழுத்துப் போடுவினம். முதல் எழுத்தின்ரை தலை, மற்றதின்ரை வால். சேர்த்துச் சொல்லவேணும்."

"தலையும் வாலுமெண்டால் எனக்கு மீன்தான் தெரியும்."

விழுந்து விழுந்து சிரித்தாய். "பொறுங்கோ, ஒரு அகராதியிலை இதுக்குப் பெண்குதிரை எண்டும் கிடக்கு. உங்களுக்கு நல்லாப் பொருந்துது!" அகப்பையால் ஒன்று போட்டேன்.

பிறகு உன்ரை முகம் மாறியது. "படிச்சவை புத்தகத்துச் சத்தத்தை எழுதி வைச்சிட்டினம். வீட்டிலை பிள்ளையள் தாயை என்னண்டு கூப்பிட்டதெண்டு ஆர் கேட்டது, அம்மா?"

பாரிசில், ரூ காய் தெருவில் நான் வேலை செய்கிற கடை திறக்கிற நேரம். நான் எழும்பிப் போய்விட்டேன். இன்னும் கொஞ்சம் இருந்து கேட்டிருக்கலாம்.

நீ போன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து போன் வர, போட்ட உடுப்போடு ஓடினேன். மெத்ரோ ரயில் இடையில் நின்றுவிட்டது. நான் வந்து சேர எல்லாம் முடிந்திருந்தது. நேர்ஸ் என் கையைப் பிடித்து, கடைசியாய் நீ தாயைக் கூப்பிட்டாய் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

பொருள் விளங்கியது. சத்தம் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் என்றால் 'அம்மா' என்பாய். சிநேகிதரோடு நின்றால் இங்கத்தைப் பிள்ளைகள் மாதிரி 'மமோ' என்பாய். என்னவென்று கூப்பிட்டவள் என்று அந்த மனுசியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது போய்க் கேட்டால் அவளுக்கு நினைவிருக்குமோ?

அகராதிகளைக் கொடுக்க மாட்டேன், குஞ்சு. அந்த எழுத்தை எழுதப் பழகுகிறேன். இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை என்று உன்ரை சிநேகிதி காட்டித் தந்தாள். குதிரை இன்னும் சரியாய் நிற்குதில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முன்னம் நேராய் எழுதி உன்ரை படத்துக்குக் கீழே வைப்பேன்.

அதை என்னவென்று வாசிக்க? நீ என்னை என்னவென்று கூப்பிட்டனீ?

உன்ரை
அம்மா