மாதிரி எண் ஒன்று

கயோடேவுக்கு,

உன் கல்யாணப் படம் இபாதான் நகரம் முழுக்கச் சுற்றுகிறது. மாப்பிள்ளைத் தொப்பி உனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

சிக்கிள் செல் என்னும் பரம்பரை ரத்தக் குறைக்கான பரிசோதனைச் சீட்டை நீட்டி நீ அழுதது நினைவிருக்கிறதா? "ரெண்டு பேர் ரத்தத்துலயும் இருக்குடி. பொறக்குற புள்ள வலியில துடிக்கும். பிரிஞ்சிடலாம்." சபையே நமக்காக அழுதது. உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஆண்டவர் சித்தம், மகளே" என்றார்.

அதற்கு முன்பே, என் மரபணு ஆய்வுக்கு முதல் ஆளாக நீ ரத்தம் கொடுத்திருந்தாய். மாதிரி எண் ஒன்று. நேற்றுதான் அதன் முடிவு என் கணினியில் வந்தது. உன் ரத்தத்தில் அந்தக் குறை இல்லை. எனக்கு மட்டும்தான். நீ நீட்டிய சீட்டில் பெயர் இருந்த ஆய்வகத்திலும் கேட்டேன்; நீ அங்கே போனதே இல்லையாம்.

ரத்தம் கொடுத்தவரிடம் முடிவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. நான் அதை மீறிவிடவில்லை. உனக்குத்தான் முன்பே தெரியுமே.

நமக்காக மூன்று நாள் உபவாசம் இருந்தவள்