காபிக்கு முந்தைய அரை மணி நேரம்

என் அன்பு அண்ணிக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு நம் வீட்டு ஃபேன் இரவு முழுக்க முழு வேகத்தில் சுற்றுகிறது. அக்னி நட்சத்திரத்திலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "குளுருதுங்க, ஃபேனைக் கம்மி பண்ணுங்க" என்று அண்ணனோடு சண்டை போட ஆளில்லை. திருவண்ணாமலை வெயிலில் குளிருகிறது என்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பினேன். எனக்கும் குளிரும்.

"தைராய்டு கம்மியாம், ஒரு மாத்திரைதானே" என்று எல்லோரும் சுலபமாக முடித்துவிடுகிறார்கள். தூங்கி எழும்போதே கைகால் ஓய்ந்து கிடக்கும் நாட்களை, சீப்போடு வரும் முடியை, தெரிந்தவர் பெயர் வாயில் வராமல் விழிப்பதை யாரிடம் போய்ச் சொல்வது? உங்களைச் சோம்பேறி என்றவர்களுக்கு நீங்கள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

சேதிக்கு வருகிறேன். நம் கவிதாவுக்கும் வந்துவிட்டது, உங்கள் மகளாயிற்றே. மாத்திரை போடுகிறாள், வேலைக்குப் போகிறாள், நன்றாகவே இருக்கிறாள். ஆனால் வரன் பேச்சு எழுந்ததும் அண்ணன் மாத்திரைப் புட்டியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "கல்யாணம் ஆவுற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது" என்று உத்தரவு வேறு. பிள்ளை தினமும் சாவி வாங்கி, திருடியைப் போல விழுங்கினாள்.

பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த மாப்பிள்ளை வீட்டார், சுற்றி முடித்த கையோடு விடிகாலையில் வேங்கிக்காலில் நம் வீட்டுக்கு வந்தார்கள். குளித்துவிட்டுப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. நடந்து களைத்தவர்களுக்கு முதலில் காபி கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் டம்ளரைக் கையில் பிடித்தபடி சமையலறைக்கே வந்து நின்றார். கண்ணெல்லாம் சுவர்க் கடிகாரத்தில்.

"சர்க்கரை கம்மியாங்க?"

"இல்லைங்க, அப்பறம் குடிக்கிறேன்."

அந்த 'அப்பறம்' எனக்குத் தெரியாதா அண்ணி? மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்கு என் காபியும் மேடையில் ஆறிக்கொண்டுதான் இருந்தது.

"மாத்திரை போட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எங்க வீட்ல யாருக்கும் தெரியாதுங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. சொல்லவே கூடாதுன்னுட்டாங்க எங்கம்மா."

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "எங்க கவிதாவுக்கும் இருக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் காலி டம்ளர்களோடு அண்ணன் வந்து நின்றார்.

அவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், "போய்ச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். "உனக்கு வாய் சும்மா இருக்காதா? அவ வாழ்க்கையையே கெடுத்துட்ட" என்று கத்திய அண்ணன் அதோடு என்னிடம் பேசுவதில்லை. கெடுத்துவிட்டேனா அண்ணி? கேட்டுக் கேட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். கவிதா மட்டும், "விடுங்க அத்தை, எத்தனை நாளைக்கு ஒளிஞ்சு முழுங்கறது?" என்றாள்.

இன்று காலை அந்த அம்மா போன் செய்தார்.

"சம்பந்தம் பத்தி வீட்ல இன்னும் பேசலைங்க. நான் வேற ஒண்ணு கேக்கணும். மாத்திரை போட்டுட்டு காபிக்குக் காத்திருக்கிற அந்த அரை மணி நேரம், நீங்க என்ன பண்ணுவீங்க?"

கணவரை இழந்து பிறந்த வீடு திரும்பிய என்னை, அந்த அரை மணி நேரத்தில்தானே நீங்கள் சிரிக்க வைத்தீர்கள்? மொட்டை மாடியில் மலையைப் பார்த்துக்கொண்டு நாம் பேசாத ஊர்வம்பா? அந்த அம்மாவோ இத்தனை வருஷமும் தினம் ஒரு பொய் தேடி அதைக் கழித்திருக்கிறார்.

"எனக்கு போன் பண்ணுங்க. பேசிக்கிட்டு இருக்கலாம்" என்றேன்.

வரன் அமையுமா, தெரியாது. மனசு இன்னும் ஒரு நிலையில் இல்லை. ஆனால் புட்டியை பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். காபிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறேன். உங்கள் மகள் எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கேயும் அது அப்படித்தான் இருக்கும். அதற்கு நான் பொறுப்பு.

காபி ஆற வைத்துக் காத்திருக்கும்,
உங்கள் நாத்தனார் செல்வி