ப்ரோன்வென் ஓடைக்கரைப் புல்

அங்கஸ்,

அடுப்புல ஆட்டுக்கறி இருக்கு. வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன், நீ டிராக்டர்ல வா.

போன வருஷம் நாம முளைக்க வெச்சு, பக்கத்துப் பண்ணை ப்ரோன்வெனுக்கு ஓடைக்கரையில நடக் குடுத்த நாட்டுப்புல்லு இப்ப கதிர் விட்டிருக்கு. நம்மகிட்ட மிஞ்சின தொட்டியில ஒரு இலைய, நீ செய்யுற மாதிரி விரலால கீழ்நோக்கி உருவிப் பார்த்தேன். ரம்பமா அறுக்குது! அது நாட்டுப்புல்லே இல்ல. வயிறு முட்டத் தின்னும் சத்தே இல்லாம ஆடுங்க பட்டினியில சாகுமே, அந்தக் களை.

மதியம் மேக்காத்து அடிக்குமாம். விதை பறக்குறதுக்குள்ள எல்லாத்தையும் வெட்டி மூட்டை கட்டணும். சீக்கிரம் ஓடைக்கரைக்கு வா.

மொய்ரா

பி.கு. 'அந்தப் புல்லுக்கு ரோட்டோரத்துல விதை பறிச்சியா'ன்னு நேத்து நீ கேட்டப்ப எரிஞ்சு விழுந்தேன்ல? பறிச்சேன். அத ப்ரோன்வென்கிட்ட சொல்றப்ப நீ பக்கத்துல நில்லு.